நான்காவது நோய்

மாமிக்கு இன்னுமொரு நோய் இருந்துவிட வேண்டும் என்று 2025 ஒக்டோபரில் மூன்று வாரங்கள் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கோயிலில் நின்று வேண்டவில்லை. பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, நித்திரைக்கு முன்னால். "கடவுளே, அது இருந்துவிடட்டும்." அப்படி வேண்டிக்கொண்டவன் அவர்மேல் கோபமுள்ளவன் அல்ல. சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அவருக்கு ஒரு நோயைக் கேட்டேன்.

இது எப்படி நடந்தது என்பதையும், அதிலிருந்து நான் யோசித்துப் பார்த்தவற்றையும் எழுதுகிறேன். இதில் வரும் இருவரிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

மாமிக்கு 63 வயது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர். மூன்று பிள்ளைகளை வளர்த்தபடி பதினெட்டு வருடங்கள் இரவு வேலை செய்தார். அவருடைய ஆங்கிலம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், டொக்டருக்குப் போதாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தருவார்கள். "வேற ஆளுக்கு முன்னால என்ர வயித்தைப் பற்றி என்னெண்டு கதைக்கிறது?" என்று மாமி என்னைத்தான் கூட்டிப்போவார்.

இங்கே ஜீ.பி. என்பவர் குடும்ப டொக்டர். இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் வாசல். இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, வேலைத்தலத்துக்கான மருத்துவக் கடிதம், ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்பும் கடிதம், வருடத்துக்கொருமுறை சீனி வருத்தக்காரரின் காலைத் தொட்டுப் பார்ப்பது, எல்லாம் அந்த வாசலால்தான். காலை எட்டு மணிக்கு ஊரே ஒன்றாகப் போன் எடுக்கும். வரிசையில் பதினேழாவது ஆள் நீங்கள் என்று ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டபடி தேத்தண்ணி போட்டுக் குடித்து முடித்துவிடலாம்.

அந்த முறை மாமி கேட்க வந்தது ஊசியைப் பற்றி. கலியாண வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் எல்லோரும் குசுகுசுக்கும் மெலிவதற்கான ஊசி.

"கேட்டுச் சொல்லு பிள்ளை, அது எனக்குக் கிடைக்குமோ எண்டு."

டொக்டர் நல்ல மனிதர். மாமியை நிறுத்துப் பார்த்தார், உயரத்தையும் பார்த்தார். 90 கிலோ, 152 சென்ரிமீற்றர். பி.எம்.ஐ. 39. கணினியில் பழைய பதிவுகளைப் பார்த்தார். சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல். மூன்றையும் விரலில் எண்ணினார். பிறகு, இவர் தகுதிக்கு மிகக் கிட்டே நிற்கிறார், ஆனால் நான்கு வேண்டும் என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். "மாமி, உங்களுக்கு மூண்டு வருத்தம் இருக்கு. நாலு வேணுமாம்."

மாமி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இன்னும் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வரச்சொல்லுறாரோ?"

அதையும் மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இவர் குறட்டை விடுவாரா?" என்று கேட்டார்.

*

அந்தக் கேள்விக்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, வரிசை எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

டிர்செபடைட் என்ற மருந்து மவுஞ்சாரோ என்ற பெயரில் விற்கப்படுகிறது. வாரத்துக்கொருமுறை நாமே வயிற்றிலோ தொடையிலோ குத்திக்கொள்ளும் ஊசி. எந்த மருந்துக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாம் என்று தீர்மானிக்கும் நைஸ் என்ற அமைப்பு, உடற்பருமனுக்கு இதைத் தரலாம் என்று 2024 டிசம்பரில் சொன்னது. நைஸ் சொன்ன அளவுகோலின்படி பார்த்தால் இங்கிலாந்தில் சுமார் 34 இலட்சம் பேர் தகுதி பெறுவார்கள். எல்லோரும் ஒரே நாளில் வந்தால் ஜீ.பி. வாசல்களும் தாங்காது, கஜானாவும் தாங்காது. எனவே பன்னிரண்டு வருடங்கள் வரைக்கும் படிப்படியாகக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். முதல் மூன்று வருடங்களில் 2,20,000 பேர். 2025 ஜூன் 23 முதல் ஜீ.பி. வழியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

முதல் வருடத்துக்கான விதி இது: பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதோடு ஐந்து நோய்களில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். இரண்டாம் வகைச் சீனி வருத்தம், உயர் இரத்த அழுத்தம், இருதய அல்லது இரத்தக்குழாய் நோய், இரத்தக் கொழுப்புக் கோளாறு, நித்திரையில் மூச்சு அடைபடும் நோய். அந்தக் கடைசி நோயின் பெரிய அறிகுறி குறட்டை.

தெற்காசியர், சீனர், கறுப்பினத்தவர் போன்றோருக்கு பி.எம்.ஐ. எல்லை 2.5 குறைவு. ஆகவே மாமிக்கு 37.5. இந்தச் சலுகைக்குக் காரணம் உண்டு. பி.எம்.ஐ. என்ற கணக்கை 1830களில் தொடங்கிவைத்த பெல்ஜியக்காரர் அடோல்ஃப் கெற்லே, மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடிய புள்ளியியலாளர். தனி ஒருவரின் ஆரோக்கியம் அவருடைய அக்கறை அல்ல. 2004இல் லான்செட் சஞ்சிகையில் பூனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற இரண்டு டொக்டர்மார் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம். யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். பார்வைக்கு மெலிந்த நம்மவர்களின் உடம்புக்குள் நோய் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும். மாமி வேறு நாட்டுக்காரியாகப் பிறந்திருந்தால் அந்த 39ஐ வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்திருக்க முடியாது.

சீனி வருத்தத்துக்கென்றும் இதே ஊசியைக் கொடுப்பார்கள். அது வேறு வாசல். அங்கே போவதென்றால் குளிசைகள் தோற்றுப்போயிருக்க வேண்டும். மாமி பத்து வருடங்களாக ஒரு நாளும் தவறாமல் குளிசை போடுபவர். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. குளிசைகள் தோற்கவில்லை. சொன்னபடி நடந்தவர் என்பதாலேயே அந்த வாசல் அவருக்குப் பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் உடற்பருமனுக்கென்று இருக்கும் நிபுணர் பிரிவுக்கு எழுதிவிடலாம் என்றார் டொக்டர். ஆனால் நாட்டின் சில பகுதிகளில் அந்தப் பிரிவுகள் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்திருக்கின்றன. மற்ற இடங்களிலும் காத்திருப்பு நீளம்.

மிச்சமிருந்தது குறட்டை. மாமி விடும் குறட்டைக்கு மாமா பக்கத்து அறைக்குக் குடிபெயர்ந்து ஐந்து வருடங்கள். "ஓம், விடுவார்" என்று நான் சொன்ன வேகத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலேயே ஒரு இரவு விரலில் மாட்டிக்கொண்டு படுக்கும் கருவிக்குப் பதிந்தார்கள். அன்றிலிருந்துதான் நான் வேண்டத் தொடங்கினேன்.

*

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மாமி சொன்னார்: "அவரில பிழை இல்லை. என்னிலதான் பிழை. வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு அரசாங்கம் ஏன் காசு குடுக்கோணும்? மகளைப் பார். எவ்வளவு மனவுறுதி."

மாமியின் மகள், என் மச்சாள், ஒரு வருடத்தில் பதினாறு கிலோ குறைந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் அது பெரிய செய்தி. பிறந்தநாள் வீடுகளில் அவளைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். "என்ன செய்தனீர்?" "ஒண்டுமில்லை அன்ரி, ஒவ்வொரு நாளும் நடக்கிறன். இரவில சோத்தை விட்டிட்டன்." மாமி தூரத்திலிருந்து பார்த்துப் பெருமைப்படுவார். பிறகு தன் தட்டைப் பார்ப்பார்.

எனக்கு வேறொன்று தெரியும். மச்சாள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், கறிவேப்பிலைப் பையின் பின்னால், ஒரு சாம்பல் நிறப் பேனா இருந்தது. நான் பால் எடுக்கப் போய்க் கண்டது. அவளுக்கு எந்த நோயும் இல்லை. ஜீ.பி. வாசலில் அவளை நிறுத்தியிருக்கவும் மாட்டார்கள். இணையவழி மருந்துக்கடை ஒன்றில் காசுக்கு வாங்கினாள். 2025 செப்டம்பரில் தயாரித்த நிறுவனம் பிரித்தானியாவில் விலையை ஏற்றியது. ஆகக்கூடிய அளவின் ஒரு மாதப் பட்டியல் விலை 122 பவுண்டிலிருந்து 330 பவுண்டாயிற்று. அப்போதும் மச்சாள் நிறுத்தவில்லை. மாமிக்கு என்.எச்.எஸ்.ஸில் கிடைத்திருந்தால் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு வழக்கமாகக் கட்டும் 9.90 பவுண்டும் இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு அது இலவசம்.

நோய் உள்ளவர் வரிசையில் நிற்கிறார். காசு உள்ளவள் வரிசையே இல்லாத பக்கத்தால் போய்விட்டாள். இது அநியாயம் என்று சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அந்த அநியாயம் எல்லோருக்கும் தெரிந்தது. மாமியைக் காயப்படுத்தியது அது இல்லை. மச்சாளிடம் மருந்து இருந்ததென்று மாமிக்குத் தெரியவே தெரியாது. அவரைக் காயப்படுத்தியது மச்சாளிடம் இருப்பதாக அவர் நம்பிய மனவுறுதி.

*

மனவுறுதி என்பது என்ன?

அளவோடு உண்பதை நாம் நீண்ட காலமாக அறத்தின் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறோம். திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதில்லை, அளவறிந்து உண்பதைப் பற்றியது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். ஒருவருக்கு ஆசை பொங்குகிறது, ஆனால் அடக்கிவிடுகிறார். இன்னொருவருக்கு ஆசையே அளவாக இருக்கிறது, அடக்க வேண்டிய தேவை வருவதில்லை. இரண்டாமவரிடம் இருப்பதுதான் முழுமையான நற்குணம் என்பது அரிஸ்டாட்டிலின் கணக்கு. முதலாமவர் அதற்கு ஒரு படி கீழே. நமக்குப் பழக்கமான கணக்கு இதற்கு எதிரானது. போராடி வென்றவரைத்தான் நாம் பாராட்டுவோம். பாராட்டும்போது, அவர் உண்மையிலேயே போராடினாரா அல்லது இயல்பிலேயே பசி குறைந்தவரா என்று நாம் விசாரிப்பதில்லை. மெலிந்த உடம்பைக் கண்டதும் உள்ளே ஒரு போராட்டம் நடந்து வெற்றி கிடைத்ததென்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த ஊசி அந்த நினைப்பில்தான் குத்துகிறது.

நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஒரு ஹோர்மோன் சுரக்கும். ஜி.எல்.பி.-1 என்று பெயர். போதும் என்று மூளைக்குச் சொல்லும் குரல்களில் அதுவும் ஒன்று. இரத்தத்தில் அது சில நிமிடங்களுக்குள் அழிந்துவிடும். தொண்ணூறுகளில் நியூயோர்க்கில் ஜோன் எங் என்ற டொக்டர், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா என்ற நச்சுப்பல்லியின் விஷத்தில் அதைப் போன்ற, ஆனால் சீக்கிரம் அழியாத ஒரு பொருளைக் கண்டார். அதிலிருந்து வந்த சீனி வருத்த மருந்து 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சியில்தான் வாரத்துக்கு ஒரு ஊசி போதும் என்ற நிலை வந்தது. டிர்செபடைட் இன்னொரு குடல் ஹோர்மோனையும் சேர்த்துப் போலச்செய்கிறது. 2022இல் வெளியான பெரிய பரிசோதனை ஒன்றில், ஆகக்கூடிய அளவை எடுத்தவர்கள் 72 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 20.9 வீதத்தை இழந்தார்கள்.

ஊசி போட்டவர்கள் பலரும் சொல்வது மெலிந்ததைப் பற்றி மட்டும் இல்லை, அமைதியைப் பற்றியும். மச்சாள் பின்னொரு நாளில் என்னிடம் சொன்னாள்: "முதல் ஊசி போட்டு மூண்டாம் நாள் வேலைக்குப் போனன். பின்னேரம் நாலு மணிக்குத்தான் யோசிச்சன், இண்டைக்கு நான் சாப்பாட்டைப் பற்றி நினைக்கவே இல்லை எண்டு. அழுகை வந்திட்டுது. மற்ற ஆக்கள் எல்லாம் இப்பிடியே இருக்கினம்?"

அவளுடைய கேள்வியை நான் இப்போதும் சுமந்துகொண்டிருக்கிறேன். சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான். எனக்குப் பசி வந்தால் சாப்பிடுவேன், வராவிட்டால் மறந்துவிடுவேன். மேசையில் கிடக்கும் பலகாரம் என்னைக் கூப்பிடுவதில்லை. நாற்பது வயது வரைக்கும் அதை என் ஒழுக்கம் என்று நம்பியிருந்தேன். ஒரு ஊசி மூன்று நாளில் அதே ஒழுக்கத்தை இன்னொருவருக்குக் கொடுக்குமென்றால், என்னிடம் இருந்தது ஒழுக்கமா? அல்லது நான் காசு கொடுக்காமல் பிறப்பில் வாங்கிவந்த மருந்தா?

இதில் தப்பிக்க வழி குறைவு. அளவான பசியே நற்குணம் என்றால், அந்த நற்குணம் இப்போது மருந்துக்கடையில் கிடைக்கிறது. மருந்துக்கடையில் கிடைப்பது நற்குணமாகாது என்றால், பிறப்பில் கிடைத்ததும் நற்குணமாகாது. இரண்டு வழியிலும் மெலிந்தவரின் பெருமைக்கு இடமில்லை. அப்படியென்றால் பருத்தவரின் குற்றவுணர்வுக்கும் இடமில்லை.

1986இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு, தத்துக்கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரைப் பார்த்தது. அவர்களின் உடல்வாகு பெற்றவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போகவில்லை. எல்லாம் மரபணு என்று இதற்குப் பொருளில்லை. கடந்த ஐம்பது வருடங்களில் மனித மரபணு மாறவில்லை, உலகம் மட்டும் பருத்திருக்கிறது. மலிவான எண்ணெய், மலிவான சீனி, உட்கார்ந்த வேலை, தூங்காத இரவுகள் எல்லாம் சேர்ந்தது இது. ஆனால் அந்த உலகத்துக்குள் ஒருவர் எந்தப் பசியோடு பிறந்து விழுகிறார் என்பது அவருடைய தெரிவில்லை. பதினெட்டு வருடங்கள் இரவு மூன்று மணிக்கு நின்றபடி சாப்பிட்டதும் மாமி ஆசைப்பட்டுத் தெரிந்தெடுத்ததில்லை.

அதே பஸ் தரிப்பிடத்தில் மாமி இன்னொன்றும் சொன்னார்: "சாப்பிட்டு முடிச்சு, கையைக் கழுவிப்போட்டு இருந்தாலும் தலைக்குள்ள ஒரு அடுப்பு அணையாம எரியுது பிள்ளை. அது எனக்கு மட்டும்தான் எரியுது எண்டு நினைக்கிறன்."

*

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுப்புகள் சில இருக்கின்றன.

முதலாவது, ஊசியை நிறுத்தினால் பசி திரும்பிவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த செமாக்ளுடைட் என்ற மருந்தை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு வருடத்துக்குள் திரும்பப் பெற்றதாக ஒரு தொடர் ஆய்வு காட்டியது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். அரிதாகக் கணையத்தில் அழற்சியும் வரலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் போடக் கூடாது. கர்ப்பத்தடைக் குளிசை எடுப்பவர்கள் டிர்செபடைட்டைத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரங்களுக்கு ஆணுறை போன்ற இன்னொரு தடையையும் பயன்படுத்த வேண்டும். யாரிடமும் சொல்லாமல் இணையத்தில் வாங்குபவர்களிடம் இதையெல்லாம் சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு படத்தையும் கேள்வித்தாளையும் மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள், எடையை வேறு வழியில் உறுதிசெய்யுங்கள் என்று மருந்துக்கடைகளின் கண்காணிப்பு அமைப்பு 2025 பெப்ரவரியில் விதியை இறுக்கியது அதனால்தான். ஜீ.பி. வாசலின் பெறுமதியும் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஊசியோடு ஒரு மனிதரும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் சேர்ந்து வரும்.

இரண்டாவது மறுப்பு வரிசையைப் பற்றியது. நான்கு நோய் வேண்டும் என்ற விதியை நான் கேலி செய்வதுபோலத் தோன்றலாம். ஆனால் அந்த விதியை எழுதியவர்களின் இடத்தில் என்னை இருத்திப் பார்த்தேன். 34 இலட்சம் பேர், முதல் மூன்று வருடங்களுக்கு 2,20,000 இடங்கள். குலுக்கல் போடலாம். முந்தி வந்தவருக்கு என்று வைக்கலாம், அப்போது காலை எட்டு மணிக்குப் போன் எடுக்கத் தெரிந்தவர்கள் வெல்வார்கள். மிக நோயுள்ளவருக்கு முதலில் என்று வைக்கலாம். மூன்றாவதுதான் எனக்கும் ஓரளவு நியாயமாகத் தெரிகிறது. அதில் ஒரு கோணல் உண்டு. நோயைத் தடுக்கக்கூடிய மருந்துக்கு நோய்களைச் சேர்த்துக்கொண்டு வா என்கிறது அது. மூன்றோடு நிற்பவரிடம், நான்காவது வரும்வரைக்கும் பொறு என்கிறது. என்னைப் போன்ற ஒருவனை நோய்க்காக வேண்டவைக்கிறது. ஆனாலும் அந்த விதியில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. அது மாமியிடம் எத்தனை நோய் என்றுதான் கேட்டது. நீ நல்லவளா, முயன்றாயா, வாயைக் கட்டினாயா என்று கேட்கவில்லை. தேவையைக் கேட்டது, தகைமையைக் கேட்கவில்லை.

என்.எச்.எஸ். 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கியபோது கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் சனம் அலைமோதியது. அவற்றுக்குக் கட்டணம் வைக்க முடிவுசெய்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் 1951இல் பதவியைத் துறந்தார். அன்று சண்டை காசைப் பற்றி நடந்தது. கண்ணாடி போட்டவரைப் பார்த்து, உற்றுப் பார்க்க மனவுறுதி இல்லாதவர் என்று நாம் சொல்வதில்லை. கண்ணாடி போட்டுப் படிப்பது களவு என்றும் சொல்வதில்லை. பசிக்கு மட்டும் தகைமைக் கேள்வியை வைத்திருக்கிறோம். அதைக் கேட்டது அரசாங்கமும் இல்லை, டொக்டரும் இல்லை. பிறந்தநாள் வீடு கேட்டது. "உடம்பு வைச்சிட்டீர்" என்று வாசலில் வைத்தே சொல்லும் நாங்கள் கேட்டோம். மாமி தன்னைத்தானே கேட்டார்.

*

மூன்றாவது மறுப்பு மச்சாளுடையது. அதுதான் எனக்கு மிகக் கடினம்.

ஒரு நாள் அவளிடம் கேட்டேவிட்டேன். "அம்மாவிட்டயாவது சொல்லலாம்தானே?"

"என்ர உடம்பு. ஏன் சொல்லோணும்? பருத்திருக்கேக்க எல்லாரும் கதைச்சினம். ஊசி எண்டு சொன்னால் அதுக்கும் கதைப்பினம். காசைக் குடுத்து மெலிஞ்சவள் எண்டுவினம்."

அவள் சொல்வது சரி. ஒருவர் எந்த மருந்து எடுக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். பெண்ணுடம்பை ஊரே அளந்து பார்க்கும் இடத்தில் மௌனம் ஒரு பாதுகாப்பு. அதை உடைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேனாவைக் கண்ட நாளிலிருந்து நானும் வாயைத் திறக்காமல்தானே இருந்தேன்?

ஆனாலும் சொல்லாமல் இருப்பதும், நடந்து மெலிந்தேன் என்று சொல்வதும் ஒன்றில்லை. முதலாவது ஒரு கதவைச் சாத்திக்கொள்வது. இரண்டாவது ஒரு பாராட்டை வாங்கிக்கொள்வது. பாராட்டு சும்மா வருவதில்லை. மனவுறுதியால் மெலிந்தாள் என்று ஒருத்தியைப் புகழும் அதே வாய், சொல்லாமலே இன்னொருத்தியை மனவுறுதி இல்லாதவள் என்கிறது. மச்சாளுக்குக் கிடைத்த ஒவ்வொரு "கெட்டிக்காரி"யின் விலையையும் தூரத்திலிருந்த ஒரு 63 வயதுப் பெண் கட்டினார். 330 பவுண்டு மச்சாளின் காசு. இந்த விலை அவளுடைய காசில்லை.

காசு கொடுத்து வரிசையைத் தாண்டுவதை ஒரு நாளில் மாற்ற எங்களால் முடியாது. தாண்டியவர்கள் தாங்கள் நடந்தே வந்தோம் என்று சொல்லாமல் இருக்க முடியும். பிறப்பிலேயே வரிசை இல்லாமல் வந்த என்னைப் போன்றவர்கள் அதை ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியும். வரிசையில் நிற்பவருக்கு நாங்கள் கடன்பட்டிருப்பது குறைந்தபட்சம் இந்த உண்மையைத்தான் என்று நினைக்கிறேன்.

இதை நான் இவ்வளவு ஒழுங்காக அவளிடம் சொல்லவில்லை. தட்டுத்தடுமாறிக் கொஞ்சம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

*

நித்திரைப் பரிசோதனையின் முடிவு நவம்பரில் வந்தது. டொக்டர் போனில் பேசினார். மாமி ஸ்பீக்கரில் போட்டார். மூச்சு அடைபடுவது இருக்கிறது, ஆனால் லேசாகத்தான், கருவி மாட்டிச் சிகிச்சை செய்யுமளவுக்கு இல்லை. ஊசிக்கான கணக்கில் அது நோயாகச் சேராது. "நல்ல செய்தி" என்றார் டொக்டர். உண்மையிலேயே நல்ல செய்தி. நான் அதை மாமிக்குத் தமிழில் சொன்னபோது என் குரல் யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது.

"அப்ப ஊசி இல்லையோ?"

"இப்போதைக்கு இல்லை மாமி."

திட்டப்படி இரண்டாம் வருடத்தில் பி.எம்.ஐ. எல்லை இறங்கும், நான்கு நோய் என்பது அப்படியே இருக்கும். மூன்றாம் வருடமான 2027-28இல்தான் பழைய எல்லையோடு மூன்று நோய் போதுமென்று வரும். அதுவரை மாமியின் பி.எம்.ஐ. 37.5க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயைக் கட்டி, நடந்து, மூன்றரைக் கிலோ குறைத்தாரென்றால் தகுதி போய்விடும். மாமியிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"அப்ப நான் நடக்கிறதோ, இருக்கிறதோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாமி நடக்கிறார். முழங்கால் நோவுக்கு அது நல்லதாம்.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை மச்சாள் மாமி வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன். மாமி புட்டு அவித்துக்கொண்டிருந்தார். மச்சாள் கைப்பையிலிருந்து அந்தச் சாம்பல் நிறப் பேனாவை எடுத்துக் குசினி மேசையில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாமி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எழுத்தை வாசிக்கக் கண்ணாடியைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். கோபிப்பார், அழுவார், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பார் என்றெல்லாம் நினைத்தபடி நின்றேன்.

மாமி அடுப்பைத் தணித்துவிட்டு மகளின் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உனக்கும் எரிஞ்சதோ பிள்ளை?" என்று கேட்டார். "இவ்வளவு காலமும்?"

மச்சாள் தலையை ஆட்டினாள்.